பொட்டு வச்ச பிரிண்டரைத் தூக்கிப் போடலாமா?



போன ஆயுத பூஜைக்கு, நம்ம ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு நடக்கும் அங்கிள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். சிராங்கூன் சாலையிலிருந்து ரெண்டு புளோக் தள்ளி இருக்கும் வீவக வீடு. பிள்ளைகள் தங்கள் பாடப் புத்தகம், கால்குலேட்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். மூலையில் இருந்த பழைய லேசர் பிரிண்டருக்கும் ஒரு பொட்டு விழுந்தது.

சுண்டல் கை மாறிக்கிட்டு இருக்கும்போதே பேச்சு ஆரம்பிச்சுது. "இதுல வைஃபை இல்லை. அங்கிளோட கம்ப்யூட்டரும் போயிடுச்சு. இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமே?"

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அந்த பிரிண்டர் அங்கிளின் பழைய கணினியோடு மட்டும் கேபிளில் இணைந்திருந்தது. கணினி பழுதானதும் பிரிண்டரும் சும்மா கிடந்தது. ஆனா ஒவ்வொரு வாரமும் பாட்டுத் தாள் வேணும். வகுப்புக்கு வரும் பாட்டிக்கு கைப்பேசி எழுத்து தெரியாது. அவருக்கு பெரிய எழுத்தில் தாளில் அச்சடித்துத் தரணும். டோனர் பாதிக்கு மேல் இருக்கு, அச்சும் பளிச்சுனு வருது. அப்படிப்பட்ட பொருளுக்கு காலையில பொட்டு வச்சிட்டு சாயங்காலம் வெளியே தள்ளுவதற்கு எனக்கு மனசு வரலை.

"ஒரு வாரம் கொடுங்க அங்கிள்"னு கேட்டேன். அந்த ஒரு வாரத்திலும், அதற்குப் பிறகு நடந்த ஒரு சொதப்பலிலும் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம். உங்க வீட்டிலோ, தாத்தா வீட்டிலோ, நீங்க தொண்டு செய்யும் இடத்திலோ இப்படி ஒரு பிரிண்டர் இருந்தா, இதை வச்சுக்கிட்டு நீங்களே செய்யலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணம்

"வைஃபையில் பிரிண்ட் எடுக்க பிரிண்டரில் வைஃபை இருக்கணும்" என்று பலர் நினைக்கிறோம். அவசியமில்லை. வீட்டு ரூட்டரில் வைஃபையும், பின்னால் இருக்கும் லேன் துளைகளும் ஒரே நெட்வொர்க்கின் ரெண்டு வாசல்கள். உங்க கைப்பேசி வைஃபை வாசல் வழியாக உள்ளே வருது. பிரிண்டர் கேபிள் வாசல் வழியாக வந்தாலும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்தான் இருக்காங்க. ரூட்டர் நடுவில் நின்று ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் சேர்த்துவிடும்.

ஆக, பிரிண்டருக்குத் தேவை நெட்வொர்க்கில் ஓர் இடம். அந்த இடத்தை எப்படி வாங்கித் தருவது என்பதற்கு மூன்று கேள்விகள் போதும்.

கேள்வி 1: பின்னால் என்ன துளை இருக்கு?

பிரிண்டரைத் திருப்பிப் பாருங்க.

தொலைபேசித் துளையைவிடக் கொஞ்சம் அகலமாக, எட்டு சின்ன உலோகக் கம்பிகளோடு ஒரு துளை இருந்தால் அது ஈதர்நெட் துளை. ஃபேக்ஸ் வசதி உள்ள பிரிண்டரில் தொலைபேசித் துளையும் பக்கத்திலேயே இருக்கும், குழம்பிடாதீங்க. ஈதர்நெட் இருந்தால் பாதி வேலை முடிஞ்சுது.

கிட்டத்தட்ட சதுரமாக ஒரு துளை மட்டும் இருந்தால் அது யூஎஸ்பி. இதற்கும் வழி இருக்கு, ஆனால் நடுவில் ஓர் ஆள் வேணும். அதைக் கீழே சொல்றேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கணினிக்கு விற்கும் குட்டி வைஃபை டாங்கிளை வாங்கி பிரிண்டரில் சொருகினால் வேலை செய்யாது. நம்ம வகுப்புத் தம்பி ஒருத்தன் இதைத்தான் முதலில் கேட்டான், நல்ல கேள்வி. யூஎஸ்பி இணைப்பில் ஒரு பக்கம் ஆணையிடும் கருவி இருக்கணும், மறுபக்கம் கேட்டு நடக்கும் கருவி இருக்கணும். கணினி ஆணையிடும், பிரிண்டரும் டாங்கிளும் கேட்டு நடக்கும். கேட்டு நடக்கும் ரெண்டு பேரை ஒண்ணா உட்கார வச்சா யார் பேச்சைத் தொடங்குவது? சில பிரிண்டர்களின் முன்பக்கம் பென் டிரைவ் சொருக ஒரு துளை இருக்கும். அது கோப்பைப் படிக்க மட்டும்தான். டாங்கிளை இயக்கத் தேவையான மென்பொருள் அதற்குள் இருக்காது.

கேள்வி 2: ரூட்டர் எவ்வளவு தூரம்?

ஈதர்நெட் துளை இருந்து, ரூட்டரும் பக்கத்தில் இருந்தால் ஒரு லேன் கேபிள் போதும். ஒரு நுனி ரூட்டரில், மறு நுனி பிரிண்டரில். சாதாரண லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்கு அது தாராளம். பிரிண்டரில் வேகம் குறைந்த பழைய ஈதர்நெட் இருந்தாலும் கவலை வேண்டாம். ஒரு பாட்டுத் தாள் சில மெகாபைட்தான்.

அங்கிள் வீட்டில் ரூட்டர் வாசல் பக்கம், பிரிண்டர் கடைசி அறையில். நடுவில் பாம் ஷெல்டர். 1990-களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தடித்த கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பி, கனமான எஃகுக் கதவு. வைஃபை அலை அதைத் தாண்டும்போதே நொந்துபோயிடும். கேபிளுக்காக அந்தச் சுவரைத் துளைத்து அப்பால் போகவும் நினைக்காதீங்க. அது ஆபத்து நேரத்தில் உயிர் காக்கக் கட்டியது, அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது.

தூரமாக இருந்தால் நாலு வழிகள்:

ஒன்று, பிரிண்டரை ரூட்டர் பக்கம் கொண்டு போவது. செலவே இல்லை. இதை யோசிக்காமலே பலர் கடைக்குப் போயிடுறாங்க. ரூட்டர் எங்கே இருக்கோ அங்கே ஒரு சின்ன மேசை போட இடம் இருக்கா என்று முதலில் பாருங்க.

இரண்டு, வீட்டில் மெஷ் வைஃபை இருந்தால், தூரத்து அறையில் இருக்கும் மெஷ் பெட்டியின் பின்னாலும் பெரும்பாலும் லேன் துளை இருக்கும். பிரிண்டர் கேபிளை அதில் சொருகினால் போதும். ஏற்கனவே காசு கொடுத்து வாங்கிய வசதி இது, பலருக்கு அது இருப்பதே தெரியாது.

மூன்று, கிளையன்ட் அல்லது பிரிட்ஜ் முறையில் இயங்கும் சின்ன ரூட்டர். இது கைப்பேசி போலவே வீட்டு வைஃபையில் சேர்ந்துகொள்ளும், சேர்ந்த இணைப்பைத் தன் லேன் துளை வழியாக பிரிண்டருக்குத் தரும். அலமாரியில் தூங்கும் பழைய ரூட்டரிலேயே இந்த முறை இருக்கலாம், அமைப்புப் பக்கத்தில் தேடிப் பாருங்க. ஒரு பொறி மட்டும் இருக்கு. சில ரூட்டர்கள் பிரிட்ஜ் ஆகாமல் தனக்கென்று இன்னொரு குட்டி நெட்வொர்க்கை உருவாக்கிவிடும். கைப்பேசியின் ஐபி முகவரி 192.168.1.20, பிரிண்டரின் முகவரி 192.168.8.5 என்று இருந்தால் அதுதான் நடந்திருக்கு. சாதாரண வீட்டு நெட்வொர்க்கில் முதல் மூன்று எண்களும் ஒத்துப்போகணும்.

நான்கு, பவர்லைன் அடாப்டர். இது சுவரில் ஓடும் மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும். ரூட்டர் பக்கம் ஒன்று, பிரிண்டர் பக்கம் ஒன்று. நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகணும். எக்ஸ்டென்ஷன் கேபிளில் சொருகினால் வேகம் விழுந்துவிடும். பாம் ஷெல்டர் சுவரோடு சண்டை போடாமல் சுற்றிப் போக நல்ல வழி.

நாங்க இரண்டாவது வழியில் போனோம். அங்கிள் வீட்டுக் கடைசி அறையில் அவர் பேத்தி படிப்புக்காக ஒரு மெஷ் பெட்டி ஏற்கனவே இருந்தது. தேக்காவிலிருந்து நடந்தே சிம் லிம் ஸ்கொயர் போய் ஒரு லேன் கேபிள் வாங்கி வந்ததுதான் மொத்தச் செலவு.

யூஎஸ்பி மட்டும் இருந்தால்?

நடுவில் ஒரு ஆணையிடும் கருவி வேணும்னு சொன்னேன் இல்லையா, அது மூன்று வகையில் கிடைக்கும்.

சில ரூட்டர்களின் பின்னாலேயே யூஎஸ்பி துளை இருக்கும். பிரிண்டரை ஏற்குமா, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஏற்குமா என்பதை அதன் கையேட்டில் பாருங்க. ஏற்கும் என்றாலும் ஸ்கேன் வசதி பெரும்பாலும் வராது.

எப்போதும் ஓடும் ஒரு கணினி இருந்தால் அதில் பிரிண்டரை இணைத்து, பகிர்வை இயக்கிவிடலாம். கணினி தூங்கினால் பிரிண்டரும் தூங்கும், அதுதான் குறை.

மூன்றாவது, ராஸ்பெர்ரி பை. 2012-ல் விற்பனைக்கு வந்த இந்தக் கைக்கடக்கக் கணினி நம்ம பல பேர் வீட்டில் பள்ளி புராஜெக்ட் முடிஞ்சு டிராயரில் கிடக்கு. அதில் கப்ஸ் என்ற இலவச அச்சு மென்பொருளை நிறுவி, பிரிண்டரை யூஎஸ்பியில் இணைத்து, பிரவுசரில் பையின் முகவரியோடு 631 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்துத் திறந்தால் அமைப்புப் பக்கம் வரும். அங்கே பிரிண்டரைச் சேர்த்து, பகிர்வை இயக்கணும். 1999-ல் வெளிவந்த கப்ஸ்தான் மேக் கணினிகளின் அச்சு வேலைக்கும் பல ஆண்டுகளாக அடித்தளம். அதனால் நம்பிச் செய்யலாம்.

கேள்வி 3: பிரிண்டருக்கு எந்த மொழி தெரியும்?

கேபிள் சரி, முகவரி சரி, ஆனாலும் ஐஃபோனில் பிரிண்டர் தெரியவில்லை. எங்களுக்கு இதுதான் அடுத்து நடந்தது. வழி இருந்தால் மட்டும் பேச முடியாது, மொழியும் பொருந்தணும்.

கைப்பேசியிலிருந்து நேராக அச்சடிக்கும் ஏர்பிரிண்ட் 2010 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய பிரிண்டர்களுக்கு அந்த மொழி தெரியாது. மடிக்கணினியில் டிரைவர் என்ற மொழிபெயர்ப்பாளர் இருப்பதால் அங்கே பிரச்சினை இல்லை. கைப்பேசிக்காக வேண்டுமானால், மேலே சொன்ன பையையே நடுவில் உட்கார வைக்கலாம். ஈதர்நெட் பிரிண்டருக்கும் இது பொருந்தும். கைப்பேசி ஏர்பிரிண்ட் மொழியில் பையிடம் சொல்லும், பை பிரிண்டரின் மொழியில் மாற்றிச் சொல்லும்.

ஆனால் பை வாங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்க. போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் என்ற பொது மொழி தெரிந்த பிரிண்டர் என்றால் சுலபம். விலை மலிவான பல பிரிண்டர்கள் பக்கத்தை வரையும் வேலையைக் கணினியிடமே விட்டுவிட்டு, தங்களுக்கென்று ஒரு தனி மொழி வைத்திருக்கும். அந்த மொழிக்கான டிரைவரை நிறுவனம் விண்டோஸுக்கு மட்டும் கொடுத்திருக்கலாம். லினக்ஸுக்குக் கொடுத்திருந்தாலும், சாதாரணக் கணினிச் சிப்புக்கு மட்டும் கொடுத்து, பையில் இருக்கும் ஆர்ம் சிப்புக்குக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். என் வீட்டு யூஎஸ்பி பிரிண்டரில் இதைப் பார்க்காமல் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போராடி, கடைசியில் கையை விரிச்சேன். அஞ்சு நிமிஷம் மாடல் பெயரையும் கப்ஸையும் சேர்த்துத் தேடியிருந்தால் அந்த நாள் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று, தமிழ்த் தாள்களை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்திருக்கும். வேர்ட் கோப்பாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வரி உடையும், பக்கம் மாறும், சில நேரம் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம்தான் வரும்.

சிவராத்திரி அன்று நடந்தது

இப்போ சொதப்பலுக்கு வர்றேன்.

ஐப்பசியிலிருந்து மாசி வரை பிரிண்டர் ஒழுங்காக ஓடுச்சு. மகாசிவராத்திரி அன்று மாலை, பன்னிரண்டு பிள்ளைகள் வந்தாச்சு. அன்றைக்கென்று புதுசாகத் தயார் செய்த பாட்டுத் தாளை என் மடிக்கணினியிலிருந்து அனுப்பினேன். "ஆஃப்லைன்" என்றது. பிரிண்டரில் பச்சை விளக்கு எரியுது, மடிக்கணினி இல்லைங்குது. டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிப்போச்சு. அங்கிள் ஒண்ணும் சொல்லலை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

பாட்டிதான், "விடுப்பா, நான் சொல்றேன், பிள்ளைங்க திருப்பிச் சொல்லட்டும்"னு ஆரம்பிச்சாங்க. அவர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் ஒரு வரி சொல்ல, அன்றைய வழிபாடு நடந்தது. யாருக்காகத் தாள் அச்சடிக்கணும்னு நான் அலைந்தேனோ, அவருக்கு முழுப் பாட்டும் மனப்பாடம்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். பிரிண்டரின் மெனுவிலேயே அமைப்புத் தாளை அச்சடிக்கும் வசதி இருக்கும். அடிச்சுப் பார்த்தால், 192.168.1.7 என்று இருந்த முகவரி 192.168.1.12 ஆகியிருந்தது. பூஜைக்கு விளக்கு போட யாரோ பிளக் மாற்றியபோது ரூட்டர் அணைந்து எழுந்திருக்கு. எழுந்ததும் எல்லாக் கருவிகளுக்கும் புதுசாக முகவரி பங்கிட்டிருக்கு. என் மடிக்கணினியோ பழைய முகவரிக்கே கடிதம் போட்டுக்கிட்டு இருந்தது. வீடு மாறினவருக்குப் பழைய புளோக்கில் போய்க் கதவைத் தட்டின கதைதான்.

இதைத் தவிர்க்க ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதிக்குப் போங்க. இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிச் சேமியுங்க. பிறகு பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்க. அவ்வளவுதான், ரெண்டு நிமிஷ வேலை. அந்த ரெண்டு நிமிஷத்தை ஐப்பசியிலேயே செலவழிக்காததற்கு நான் மாசியில் பதில் சொன்னேன்.

யோசிச்சுப் பார்த்தால் முகவரி மட்டும் காரணமில்லை. எப்படி இணைத்தேன், முகவரி என்ன, எங்கே பார்க்கணும் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. எனக்கே பதற்றத்தில் நினைவு வரலை, மற்றவங்க எப்படி உதவுவாங்க? அங்கிளுக்காகச் செய்த வேலையை அங்கிளால் சரிபார்க்க முடியாமல் வைத்திருந்தேன். அது பாதித் தொண்டுதான்.

இப்போ பிரிண்டர் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கு. பெரிய எழுத்தில், தமிழில்: பிரிண்டரின் முகவரி, எந்தக் கேபிள் எங்கே போகுது, அச்சு வரவில்லை என்றால் எதை முதலில் அணைத்துப் போடணும், அமைப்புத் தாளை எப்படி எடுப்பது. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதவில்லை, அது அங்கிள் டைரியில் இருக்கு. போன மாசம் ஒருமுறை அச்சு நின்றபோது எனக்கு அழைப்பே வரலை. ஆறாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி தாளைப் பார்த்துத் தானே சரி செய்திருந்தாள்.

கதவைத் திறந்து போடாதீங்க

பழைய பிரிண்டரை நெட்வொர்க்கில் சேர்க்கும்போது பாதுகாப்பும் உங்க பொறுப்பு. 2018 நவம்பர் கடைசியில், இணையத்துக்குத் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு ஒரு யூடியூபருக்கு ஆதரவான தாளை அனுப்பியதாக ஒருத்தர் அறிவித்தார். உலகம் முழுக்கப் பலர் பிரிண்டரிலிருந்து தானாகத் தாள் வந்து விழுந்ததைப் பார்த்து மிரண்டார்கள். அந்த பிரிண்டர்களின் 9100 என்ற போர்ட் வெளி உலகத்துக்குத் திறந்திருந்ததுதான் காரணம்.

வீட்டுக்குள் அதே போர்ட்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து அதை வெளியே காட்டாதீங்க. பிரிண்டரின் அமைப்புப் பக்கத்துக்கு வலுவான கடவுச்சொல் வையுங்க. புதிய ஃபர்ம்வேர் இருந்தால் போடுங்க. பை வைத்திருந்தால் மென்பொருளைப் புதுப்பித்துக்கிட்டே இருங்க. 2024 செப்டம்பரில் கப்ஸ் சார்ந்த மென்பொருள்களிலும் பெரிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டன. புதுப்பித்தவங்களுக்குத்தான் அந்த அடைப்பு கிடைத்தது.

விருந்தினருக்கான வைஃபையில் இருந்து பிரிண்டர் பொதுவாகத் தெரியாது. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. தாள் அடிக்க வேண்டிய தொண்டர்களை மட்டும் வீட்டு வைஃபையில் சேருங்க.

எப்போது விட்டுவிடணும்?

எல்லாப் பழைய பிரிண்டரையும் காப்பாற்றியே தீரணும்னு நான் சொல்லலை. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை, டோனர் தயாரிப்பே நின்றுவிட்டது, டிரைவர் எதற்கும் இல்லை என்றால் விடைகொடுக்கலாம். அப்போதும் குப்பைக்குப் போடாதீங்க. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் நடக்கும் மின்கழிவுச் சேகரிப்புத் திட்டத்தில் பிரிண்டரும் சேர்த்தி. என் வீட்டு யூஎஸ்பி பிரிண்டர் இன்னும் என் தம்பியின் விண்டோஸ் கணினியோடு ஒட்டிக்கிட்டு ஓடுது. அது நிற்கும் நாளில் அங்கேதான் போகும்.

இந்த வார வீட்டுப்பாடம்

உங்களுக்குத் தெரிந்த பெரியவர் வீட்டில் ஒரு பிரிண்டரைத் திருப்பிப் பாருங்க. அங்கேயே உட்கார்ந்து இவற்றை எழுதுங்க:

1. ஈதர்நெட் துளை இருக்கா, யூஎஸ்பி மட்டும்தானா?
2. ரூட்டர் எங்கே, நடுவில் என்ன சுவர்?
3. மாடல் பெயர் என்ன, அதற்குத் தெரிந்த மொழி என்ன?
4. முகவரி நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கா?
5. கடைசியாக, நீங்க இல்லாத நாளில் அதைச் சரி செய்ய அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

முதல் நாலுக்கும் பதில் கிடைத்தால் பிரிண்டர் ஓடும். அஞ்சாவது கேள்விக்கு ஒரு பெயர் எழுத முடிகிற வரைக்கும் அந்த வீட்டை விட்டுக் கிளம்பாதீங்க. பதில் தெரியாம மாட்டிக்கிட்டவங்க ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் வாங்க, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.